டேப்பை நம்பி சர்வர் டிஸ்க் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன, நடுத்தர அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "டிஸ்க் நிரம்பிவிட்டது, பெரிசா மாத்தணும்" என்று யார் கூப்பிட்டாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன, பெரும்பாலும் அதே வரிசையில். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

குழப்பம் வராமலிருக்க ஒரே சர்வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆறு டிஸ்க் கொள்ளும் பெட்டி. 600 ஜிபி எஸ்ஏஎஸ் (சர்வருக்கான இணைப்பு வகை) டிஸ்க் ஐந்து ரெய்டு 5-இல், அதாவது ஐந்தும் சேர்ந்து ஒரே டிஸ்க்காக, ஒன்று பழுதானாலும் டேட்டா பிழைக்கும்படி. ஆறாவது ஹாட் ஸ்பேர், பழுதானதற்குப் பதிலாக உட்காரக் காத்திருப்பது. மொத்த இடம் 2.4 டிபி, அதில் 1.8 டிபி நிரம்பிவிட்டது. உள்ளே விண்டோஸ் சர்வர், கணக்கு, எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், வருஷக்கணக்கில் ஸ்கேன் செய்து போட்ட பில்கள். இதை 4 டிபி டிஸ்க் நான்கு போட்டு ரெய்டு 10 ஆக்கவேண்டும். அதில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இருக்கும், அதனால் பாதி இடம், 8 டிபி கிடைக்கும். கையில் ஒரு எல்டிஓ-6 டேப் டிரைவ் இருக்கிறது. எல்லாவற்றையும் டேப்பில் எழுதி, டிஸ்க்கை மாற்றி, திரும்ப இறக்கப்போகிறோம். இறக்குவதைத்தான் ரீஸ்டோர் என்கிறோம்.

"டேப்பா? பழைய பாட்டு கேசட் மாதிரியா? அதெல்லாம் இன்னும் இருக்கா சார்?"

இருக்கிறது. அரை அங்குல அகல நாடா, உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டிக்குள் ஒரே சுருளாக. இன்று அலுவலகங்களில் டேப் என்றால் அநேகமாக எல்டிஓ வகைதான். 2000-இல் முதல் தலைமுறை வந்தபோது ஒரு டேப்பில் 100 ஜிபி பிடித்தது. 2012-இல் வந்த எல்டிஓ-6-இல் 2.5 டிபி, 2021-இல் வந்த எல்டிஓ-9-இல் 18 டிபி. டிரைவ் விலை அதிகம், டேப் விலை குறைவு. எழுதி முடித்து வெளியே எடுத்து பீரோவில் வைத்துவிட்டால் எந்த வைரஸும் அதைத் தொட முடியாது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

"ஒவ்வொரு டிஸ்கா கழட்டி பெரிசு மாட்டினா ரெய்டே ரீபில்ட் பண்ணிக்குமே. டேப் எதுக்கு நடுவுல?"

சில இடங்களில் அது சரியான வழிதான், மறுக்கவில்லை. அதே ரெய்டு வகை தொடரும், டிஸ்க்குகளை ஆளும் ரெய்டு கண்ட்ரோலர் கார்டு கடைசியில் இடத்தை விரிக்க அனுமதிக்கும் என்றால் செய்யலாம். ஆனால் நம் உதாரணத்தில் ஐந்து முறை ரீபில்ட் ஆகவேண்டும், அதாவது மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புது டிஸ்க்கின் பங்கை மறுபடி நிரப்பவேண்டும். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் வெளியே இருக்கும் நேரம் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. பல வருஷமாக ஓடித் தேய்ந்த மீதி நாலு டிஸ்க்கையும் மூலை முடுக்கு விடாமல் படிக்கச் சொல்கிறோம், அதுவும் ஐந்து தடவை. அந்தச் சமயத்தில் இன்னொன்று படுத்தால் எல்லாம் போச்சு. ஆக அந்த வழியில் போனாலும் முதலில் முழு பேக்கப் எடுத்தே ஆகவேண்டும்.

அதோடு, நாம் ரெய்டு 5-ஐ விட்டு 10-க்குப் போகிறோம். டிஸ்க் எண்ணிக்கையும் குறைகிறது. அதை ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும் கார்டு எனக்குக் கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அமைத்து, டேட்டாவைத் திரும்ப இறக்குவதுதான் சுத்தமான வேலை. பெட்டியில் நாலு இடம் காலியாக இருந்திருந்தால் டேப்பே வேண்டாம், புது டிஸ்க்கைப் பக்கத்திலேயே போட்டு நேராகக் காப்பி செய்திருக்கலாம். ஆறும் நிரம்பிய பெட்டியில் அதற்கு வழியில்லை.

"டேப் அட்டையில 6.25 டிபின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. 2.3 டிபியிலயே அடுத்த டேப் கேக்குதே?"

6.25 என்பது டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. எழுத்தும் எண்ணுமாக உள்ள டேட்டாபேஸ் சுருங்கும். ஸ்கேன் செய்த படம், பிடிஎஃப், வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, இம்மியும் குறையாது. டேப் வாங்கும்போது 2.5 என்ற சின்ன எழுத்தை மட்டும் பாருங்கள். 2.5 ஏன் 2.3 ஆகத் தெரிகிறது என்பதற்குக் கீழே 7.27 டிபி கேள்வியில் பதில் இருக்கிறது.

"மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயித்துக்கிழமை ஒரு நாள் போதுமா?"

எல்டிஓ-6 நொடிக்கு 160 எம்பி எழுதும். 1.8 டிபிக்குக் கணக்குப் போட்டால் 11,250 நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இது காகிதக் கணக்கு. லட்சக்கணக்கில் குட்டி பில் ஃபைல்கள் இருந்தால் டிஸ்க்கால் அந்த வேகத்தில் தூக்கிக் கொடுக்க முடியாது. டேப் டிரைவ் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்து ஈடுகொடுக்கும். அதற்கும் கீழே போனால் நாடா நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி எழுதும். பக்கத்தில் நின்றால் அந்த முன்னும் பின்னும் இழுக்கும் சத்தம் காதில் விழும். அது கேட்டால் நேரம் இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், டேப்புக்கும், டிரைவுக்குள் நாடாவைப் படித்து எழுதும் தலைக்கும் (ஹெட்) தேய்மானம் வேறு.

நான் ஒரு நாள் என்று ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளி இரவு ஒரு முழு பேக்கப், சனி பகலில் அதை வைத்துச் சோதனை, சனி மாலை எல்லோரும் வெளியேறியபின் இறுதி பேக்கப். டிஸ்க் கழட்டுவது, ரீஸ்டோர் எல்லாம் ஞாயிறு. எழுத ஆன நேரத்தைவிட ரீஸ்டோருக்கு ஒன்றரை மடங்கு ஒதுக்குங்கள், குட்டி ஃபைல்களை உருவாக்குவது படிப்பதைவிட மெதுவான வேலை.

"தினமும் ராத்திரி பேக்கப் ஓடுது, காலையில 'சக்சஸ்'னு மெயில் வருது. அதையே வச்சு மாத்திடலாம்ல?"

கூடாது. தினசரி பேக்கப் அநேகமாக மாறியதை மட்டும் எடுப்பது. ரீஸ்டோர் செய்ய முழு பேக்கப் டேப்பும் அதன்பின் வந்த ஒவ்வொரு டேப்பும் வரிசையாக வேண்டும். நடுவில் ஒன்று படிக்காவிட்டால் அதற்குப் பிந்தைய நாட்கள் அரைகுறைதான். இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு முழு பேக்கப் எடுங்கள்.

இன்னொன்று, அந்த மெயிலில் உள்ள சக்சஸுக்கு அர்த்தம் "நீ தேர்ந்தெடுத்ததை எழுதிவிட்டேன்" என்பதுதான். ஓர் அலுவலகத்தில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். சர்வர் அமைத்த நாளில் சி, டி இரண்டையும் டிக் அடித்திருந்தார்கள். பிற்பாடு யாரோ ஈ என்று ஒரு டிரைவ் பிரித்து, சம்பளக் கணக்கை அங்கே நகர்த்தியிருக்கிறார்கள். பட்டியலில் ஈ இல்லை. மெயில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. புது டிஸ்க்கில் எல்லாம் இறக்கி முடித்து, திங்கள் காலை சம்பளம் போடும் அம்மா "என் ஃபோல்டர் எங்கே தம்பி" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். இப்போதெல்லாம் பேக்கப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு டிரைவ் எழுத்தையும் விரல் வைத்துப் பார்க்காமல் தொடங்குவதில்லை.

"டெஸ்ட் ரீஸ்டோர் பண்ணுங்கன்னு சொல்றீங்க. டிஸ்க்கே ஃபுல், எங்க பண்றது?"

வாங்கி வைத்திருக்கும் புது டிஸ்க்கில் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். 4 டிபி அது, 1.8 தாராளமாக அடங்கும். எஸ்ஏஎஸ் டிஸ்க் என்றால் சாதாரண கம்ப்யூட்டரில் பொருந்தாது. அப்போது ஒரு யுஎஸ்பி டிஸ்க் கடன் வாங்குங்கள். முடிந்தால் டேப் டிரைவையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றி அங்கிருந்தே படித்துப் பாருங்கள். சர்வர் இல்லாமலேயே டேப்பைப் படிக்க முடிகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

எல்டிஓ டிரைவ் எழுதும்போதே பின்னால் இன்னொரு தலையால் படித்துச் சரிபார்த்துக்கொள்ளும். அதனால் டெஸ்ட் வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். டேப்புக்கு வந்தது சரியாகப் பதிந்ததா என்றுதான் அது பார்க்கும். வரவேண்டியது வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

"ஒரு டேப் போதுமா, ரெண்டு வேணுமா?"

இரண்டு. ஒரே பேக்கப்பை இரண்டு தனித்தனி டேப்பில், இரண்டுமே முழுசாக. எழுதி முடித்ததும் டேப் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி எழுத்துப்பூட்டுப் போட்டுவிடுங்கள். அவசரத்தில் தப்பான டேப்பை உள்ளே தள்ளி "ஓவர்ரைட்" அழுத்தியவர்கள் உண்டு.

"பில்லிங் நிறுத்த முடியாது சார். ஓடும்போதே எடுத்தா என்ன ஆகும்?"

விண்டோஸ் சர்வர் 2003-இல் இருந்து ஷேடோ காப்பி என்ற வசதி இருக்கிறது, திறந்திருக்கும் ஃபைலையும் ஒரு நொடியில் உறையவைத்து எடுக்கும். எஸ்க்யூஎல் அதோடு ஒத்துழைக்கும். எல்லா மென்பொருளும் ஒத்துழைக்காது. சாதாரண ஃபைல்களாக டேட்டா வைக்கும் கணக்கு மென்பொருள்களில், பாதி எழுதிய வவுச்சரோடு உறைந்து நின்றுவிடலாம். வெள்ளி இரவுப் பேக்கப் ஓடும்போதே எடுக்கலாம், பரவாயில்லை. சனி மாலை இறுதி பேக்கப்புக்கு எல்லோரும் வெளியேறவேண்டும், சர்வீஸ்களை நிறுத்தவேண்டும். அதோடு எஸ்க்யூஎல்-இன் சொந்த பேக்கப் ஒன்றைத் தனி ஃபைலாக எடுத்து யுஎஸ்பியிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

"விண்டோஸ் கூடவே வர்ற பேக்கப்ல டேப் டிரைவே காட்டலையே?"

காட்டாது. பழைய என்டிபேக்கப் டேப்பில் எழுதும். சர்வர் 2008-இல் அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார்கள், அதற்கு டேப் தெரியாது. தனி பேக்கப் மென்பொருள் வேண்டும். அதிலும் காட்டவில்லையென்றால் டேப் டிரைவ் எந்தக் கார்டில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். ரெய்டு கார்டில் செருகினால் பெரும்பாலும் வேலைசெய்யாது, சாதாரண எஸ்ஏஎஸ் கார்டு தனியாக வேண்டும்.

"டிஸ்க் எல்லாம் கழட்டிட்டா பேக்கப் சாஃப்ட்வேரும் போயிடுமே. அப்புறம் டேப்பை எது படிக்கும்?"

நல்ல கேள்வி, பலர் ஞாயிறு மதியம்தான் இதைக் கேட்பார்கள். டிஸ்க் கழட்டுவதற்கு முன்பே மென்பொருளின் மீட்பு யுஎஸ்பியை உருவாக்கி, சர்வரை அதிலிருந்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். திரையில் ரெய்டு கார்டும் டேப் டிரைவும் இரண்டும் தெரியவேண்டும். தெரியாவிட்டால் டிரைவர், அதாவது அந்தக் கருவியை அடையாளம் காட்டும் குட்டி மென்பொருள், சேர்க்கவேண்டும். அதைத் தேடுவதற்கான நேரம் வெள்ளிக்கிழமை, ஞாயிறு அல்ல.

எந்த டேப்பில் எங்கே என்ன இருக்கிறது என்ற கேட்டலாக் சர்வர் டிஸ்க்கில்தான் இருக்கும். அதை வெளியே காப்பி எடுங்கள். இல்லாவிட்டாலும் டேப்பையே முழுக்கப் படித்து மறுபடி உருவாக்கலாம், சில மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். என்கிரிப்ஷன் சாவி அப்படியல்ல. எல்டிஓ-4-இலிருந்து டிரைவாலேயே 256 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டி எழுத முடியும். சாவி சர்வரோடு போய்விட்டால் கையில் இருப்பது வெறும் நாடா. காகிதத்தில் எழுதி முதலாளியின் லாக்கரில் வையுங்கள்.

"எந்த டிஸ்க் வாங்குறது? கடைக்காரர் எது மலிவோ அதைக் கொடுக்கிறார்."

மூன்று விஷயம் கேளுங்கள். எஸ்எம்ஆர் வகையா? ஆம் என்றால் வேண்டாம். அதில் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ரெய்டு ரீபில்ட் சமயத்தில் இழுத்துக்கொண்டே போகும். செக்டர், அதாவது டிஸ்க் டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவு, 4கே (4096 பைட்) மட்டுமா, 512 பைட் ஆகவும் காட்டுமா? பழைய சர்வருக்கு 512 ஆகக் காட்டுவதே நல்லது. மூன்றாவது, உங்கள் ரெய்டு கார்டுக்கு 2 டிபிக்கு மேல் உள்ள டிஸ்க் தெரியுமா? நொடிக்கு 3 கிகாபிட் வேக எஸ்ஏஎஸ் காலத்துக் கார்டுகள் பலவற்றுக்குத் தெரியாது. இதைப் பார்க்காமல் டிஸ்க் வாங்கிவிட்டு கார்டும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

"8 டிபி அமைச்சாச்சு, விண்டோஸ்ல 2 டிபிக்கு மேல பார்ட்டிஷன் போட முடியல?"

டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்திருக்கிறீர்கள். அதில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டரில் 2 டிபியோடு எண்ணே தீர்ந்துவிடும். ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றவேண்டும். ஆனால் விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக, சர்வரை எழுப்பும் உள்மென்பொருள் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகையாக இருக்கவேண்டும், பழைய பயாஸ் போதாது.

இது டேப் ரீஸ்டோரில் தனித் தலைவலி. பேக்கப் எடுத்தது எம்பிஆர் சர்வர், மீட்பு யுஎஸ்பி அதே அமைப்பை அப்படியே திரும்பப் போட்டுவிடும், மீதி 6 டிபி தெரியாது. நான் செய்வது: ரெய்டு கார்டிலேயே 8 டிபியை இரண்டு விர்ச்சுவல் டிஸ்க்காகப் பிரிப்பேன். 200 ஜிபி ஒன்று விண்டோஸுக்கு, பழையபடி எம்பிஆர். மீதி டேட்டாவுக்கு, ஜிபிடி. பூட் விஷயத்தில் கை வைக்கவேண்டிய அவசியமே வராது.

"8 டிபின்னு சொன்னீங்க, 7.27 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. தயாரிப்பவர் 1000, 1000 ஆகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்கிறது.

"எங்க சர்வர்தான் டொமைன் கண்ட்ரோலரும். அதனால எதுவும் மாறுமா?"

அலுவலகத்தில் எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்தான் டொமைன் கண்ட்ரோலர். அது ஒன்றே ஒன்று என்றால் சிஸ்டம் ஸ்டேட்டோடு (விண்டோஸின் அமைப்புகளும் லாகின் விவரங்களும் உள்ள பகுதி) சேர்த்து எடுத்து, சேர்த்தே இறக்குங்கள். இரண்டு மூன்று இருந்தால் இதன் பொறுப்புகளை மற்றொன்றுக்கு மாற்றி, பதவியிறக்கி, டிஸ்க் மாற்றியபின் புதிதாகச் சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. பழைய டிஸ்க்கை அப்படியே படம் எடுத்து இறக்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் போடும் வரிசை எண் மற்ற கண்ட்ரோலர்களோடு முரண்பட்டு, மாற்றங்கள் சத்தமில்லாமல் தொலையும்.

"நம்மகிட்ட லினக்ஸ், டார் கமாண்ட்தான். அதுல என்ன கவனிக்கணும் அண்ணே?"

டேப்புக்கு இரண்டு பெயர் இருக்கும், எஸ்டி0, என்எஸ்டி0. முதலாவது ஒவ்வொரு கமாண்ட் முடிந்ததும் டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். ஹோம் ஃபோல்டரை எழுதிவிட்டு அடுத்து டேட்டாபேஸை எழுதினால் ஹோமின் மேலேயே எழுதும். இரண்டு கமாண்டும் பிழையில்லாமல் முடியும், அதுதான் கொடுமை. ஒன்றுக்கு மேல் எழுதுவதானால் என்எஸ்டி0 மட்டும்.

எழுதிய பிளாக் அளவைக் குறித்துவையுங்கள், படிக்கும்போதும் அதுவே வேண்டும். உரிமையாளரைப் பெயராக இல்லாமல் எண்ணாக எடுக்கும் ஆப்ஷனைப் போடுங்கள். ஏசிஎல்-ஐயும் (யார் எதைத் திறக்கலாம் என்ற கூடுதல் உரிமைப் பட்டியல்) சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், தானாக எடுக்காது. இறக்கியபின் எந்த டிஸ்க் எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புது டிஸ்க்கின் யூயூஐடி (அடையாள எண்) போட்டு, லினக்ஸைப் பூட் செய்யும் கிரப்பை மறுபடி நிறுவவேண்டும்.

"ரீஸ்டோர் முடிஞ்சுது. எல்லாம் வந்துச்சான்னு எப்படி நம்புறது?"

மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெரிய ஃபோல்டரிலும் எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று எழுதிவைத்திருந்தால் இப்போது ஒப்பிடலாம். சாதாரண ஊழியரின் லாகினில் நுழைந்து பாருங்கள், அட்மின் லாகினில் எல்லாமே திறக்கும், உரிமைக் கோளாறு தெரியாது. விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால் ஃபைல் வந்தாலும் ஷேர் (நெட்வொர்க்கில் மற்றவர்களுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டர்) வராது. ஷேர் பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது, அதை முன்பே ஏற்றுமதி செய்து வைக்கவேண்டும். டிஸ்க் மாறியதும் லைசென்ஸ் கேட்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றை வெள்ளிக்கிழமையே சரண்டர் செய்யவேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் டேட்டாபேஸில் சனிக்கிழமை போட்ட கடைசி பில் எண்ணைத் தேடுங்கள். அது இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

"70 சதவீதத்துல டேப் எரர்னு நின்னுடுச்சு சார்! புது டிஸ்க்கும் அரைகுறை. இப்ப என்ன பண்றது?"

முதலில் எதையும் அழுத்தாதீர்கள். டேப்பை வெளியே எடுத்து, கிளீனிங் டேப்பை ஒருமுறை போடுங்கள். ஒருமுறைதான், அது தலையை உரசிச் சுத்தம் செய்கிறது. பிறகு இரண்டாவது டேப். ஏசி அறையிலிருந்து வெயிலில் எடுத்துப்போய் திரும்பக் கொண்டுவந்த டேப் என்றால் அறை வெப்பத்துக்குப் பழக நேரம் கொடுங்கள். தூரத்திலிருந்து வந்ததென்றால் ஒரு முழு நாள். இரண்டாவது டேப்பை முதல் நாளே அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

அதுவும் படிக்கவில்லையா? பழைய டிஸ்க்குக்குத் திரும்புங்கள். சர்வரை அணைத்து, புதியவற்றை எடுத்து, பழைய ஆறையும் அதே வரிசையில் போடுங்கள். கார்டு "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்று கேட்கும், அதாவது டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு ரெய்டு அமைப்பு இருக்கிறது என்கிறது. இறக்குமதி செய்யவா, அழிக்கவா என்று இரண்டு வழி காட்டும். இறக்குமதி. இந்த இடத்தில் கை நடுங்கும், இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள். வரிசை தெரியவேண்டும் என்பதற்காகத்தான் கழட்டும்போதே ஒவ்வொரு டிஸ்க்கின் முகத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 0 முதல் 5 வரை எழுதச் சொல்கிறேன். பெரும்பாலான கார்டுகள் வரிசை மாறினாலும் கண்டுபிடித்துக்கொள்ளும். உங்களுடையது அந்த ரகமா என்று சோதிக்க இது நாளல்ல.

"எல்லாம் ஓடுது. பழைய டிஸ்க்கை எப்ப வித்துடலாம்? டேப்பை மறுபடி எழுதலாமா?"

ஒரு மாதக் கணக்கு முடிந்து, சம்பளம் போட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகும்வரை டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஈ டிரைவ் கதை நினைவிருக்கட்டும், காணாமல் போனது தேடும்போதுதான் தெரியும். அப்புறம் முழுக்க அழித்துவிட்டு விற்கலாம். ரெய்டு 5-இல் ஒற்றை டிஸ்க்கில் ஒன்றும் படிக்க முடியாது என்று அழிக்காமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்தையும் ஒரே கடைக்காரரிடம்தானே விற்கிறீர்கள்?

டேப்பில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிச் சட்டம் 2013, 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. டேப் அத்தனை காலம் தாங்கும், 25 டிகிரிக்குள் ஈரம் படாமல் இருந்தால். டிரைவ் தாங்குமா என்பதுதான் கேள்வி. எல்டிஓ-8 டிரைவ் தனக்கு முந்தைய எல்டிஓ-7-ஐ மட்டுமே படிக்கும், உங்கள் எல்டிஓ-6 டேப்பை அதில் போட்டால் வெளியே தள்ளிவிடும். டேப்பை வைத்திருக்கும் வரை அந்தப் பழைய டிரைவையும், அதன் எஸ்ஏஎஸ் கார்டையும், கேபிளையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே என்ன என்று எழுதி வையுங்கள். கேபிளைத்தான் முதலில் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள்.